வாலை முன்னால் வைத்த விமானம்

கல்லூரி ஆண்டுவிழா மலருக்காக இரண்டு இளம் விரிவுரையாளர்கள் போன மாதம் வலியசாலையில் என் வீட்டுக்கு வந்தார்கள். கையில் தட்டச்சு செய்த ஒரு பக்கம். அதில், "யுத்தம் முடிந்த கையோடு நமது பௌதிகப் பட்டறையில் ரேடியோவால் இயங்கும் விமானத்தை அமைத்தவர் திரு. நீலகண்டன்" என்று இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன். அப்படியேதான் இருந்தது. எனக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது.

"அந்த ப்ளேனுக்கு றெக்கைன்னு ஒண்ணு உண்டுல்லா? அதை ஆரு செஞ்சதாம்?" என்று கேட்டேன்.

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "சாரும் உதவி செஞ்சதா கேட்டிருக்கோம்" என்றான் சின்னவன்.

உதவியாம்! பட்டறைப் பரணில் இன்னும் தொங்கும் அந்த விமானத்தின் அடிவயிற்றில் ஒரு பித்தளைத் தகடு கட்டியிருக்கிறது, அதில் யார் பெயரின் எழுத்து இருக்கிறது என்று போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினேன். மறுநாள் வந்து, "உங்க எழுத்துதான் சார். நீங்களே எழுதித் தந்திடுங்க" என்றார்கள். அதனால் எழுதுகிறேன். நடுநிலையோடு எழுதுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

நான் சங்கரலிங்கம் பிள்ளை. சாலைக் கடைத்தெருவில் ஓர் இரும்புக் கடையில் கணக்கெழுதியவரின் மகன். பட்டறையில் பயிலாளாகச் சேர்ந்து முதல் வருஷம் முழுக்கப் பித்தளையை அரத்தால் ராவினேன். அடுத்த வருஷம் கடைசல் இயந்திரத்தில் நின்றேன். அதற்குப் பிறகு தராசு, கால்வனாமீட்டர், தொலைநோக்கித் தாங்கி என்று எதைக் கொடுத்தாலும் செய்தேன். பயிற்சியைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் உண்டு.

எங்கள் சூப்பிரண்டு கோஷி சார் கோட்டயம் பக்கத்துக்காரர். மூடிய கழுத்துக் கோட்டும் கசங்காத முண்டுமாக இருப்பார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு வருவதால், அவர் வந்திருப்பது தோளுக்குப் பின்னால் மூச்சு கேட்டால்தான் தெரியும். திட்டவே மாட்டார். செய்த சாமானைக் கையில் எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரலால் விளிம்பெல்லாம் தடவுவார். எங்காவது பிசிறு தட்டினால் அதை மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விடுவார். கவிழ்ந்து கிடக்கும் சாமானைப் பட்டறையே வந்து பார்க்கும். அதற்கு நாலு திட்டு வாங்கியிருக்கலாம் என்று தோன்றும்.

பிடித்துவிட்டால் ஒரே கேள்வி. "இது ஆருடெ?" யாருடையது என்பார். சொன்னதும் தம் அலமாரியைத் திறந்து எழுத்து அச்சுகளை எடுப்பார். நகத்தளவு பித்தளைத் தகட்டில் செய்தவனுடைய பெயரின் முதலெழுத்துகளைச் சுத்தியால் தட்டிப் பதித்து, கம்பியால் சாமானில் கட்டுவார். ஒரு சாமானுக்கு ஒரு பெயர்தான். இருவர் சேர்ந்து செய்தோம் என்ற பேச்சே அவரிடம் எடுபடாது. "ரெண்டாளுடெ சாமானம் கேடாயால் ஞான் ஆரோடு சோதிக்கும்?" என்பார். கெட்டுப்போனால் யாரைக் கேட்பது என்பது அவர் நியாயம்.

இன்னொரு சட்டமும் வைத்திருந்தார். தமிழர்களான நாங்கள் சனிக்கிழமைகளில் மின்சாரக் கருவிகளின் தொடுமுனைகளைத் தொடக்கூடாது. "பாண்டிமாருக்கு இந்நு எண்ணெய்க் குளி" என்று சொல்லிச் சிரிப்பார். எத்தனை சீயக்காய் போட்டாலும் நல்லெண்ணெய் விரலை விட்டு முழுதாகப் போகாது. விரல் பட்ட வெள்ளிமுனையில் அது மெல்லிய படலமாக நிற்கும், மின்சாரம் கடக்காது. தினமும் தலையில் தேங்காயெண்ணெய் வழிய வரும் அவருக்கு மட்டும் அந்தச் சட்டம் கிடையாது. அவர் வேலைக்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவுவாராம்.

யுத்தம் முடிந்ததும் ஸ்ரீவராகத்து நீலகண்டன் எங்கள் பட்டறைக்கு வந்து சேர்ந்தான். பட்டாளத்தில் வயர்லெஸ் மெக்கானிக்காக பர்மா எல்லை வரை போனவன். என் வயதுதான். ஆனால் என்னைவிட உயரம், என்னைவிட நிறம், என்னைவிட நாலு பாஷை கூடுதல். யோசிக்கும்போது தலைமயிருக்குள் விரலை விட்டுக் கோதிக்கொண்டே இருப்பான். அவன் வந்த ஒரு வாரத்தில், அதுவரை என் மேஜையைச் சுற்றி நின்று கதை பேசிய அட்டெண்டர்கள் எல்லாம் அவன் மேஜைக்குப் போய்விட்டார்கள். நான் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் அவன் கை எங்கே போகிறது, எதை எடுக்கிறது, எதை வைக்கிறது என்று அன்றிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அந்த வருஷம் பட்டறைக்கு ஒரே ஒரு சீனியர் மெக்கானிக் பதவி அனுமதியாகியிருந்தது. புதிதாக ஏதாவது ஒன்றை வடிவமைத்துச் செய்து பிரின்சிபால் முன்னால் காட்டுகிறவனுக்கு அது என்று கோஷி சார் சொன்னார். அதாவது அந்தச் சாமானின் தகட்டில் எவன் எழுத்தோ, அவனுக்கு.

என்னிடம் ஒரு யோசனை முன்பே இருந்தது. இயந்திரம் இல்லாமல் காற்றில் மிதந்து போகும் விமானம், ஆனால் வாலை மூக்குப் பக்கம் கொண்டுவந்து வைத்தது. முன்னால் சின்ன இறக்கை, பின்னால் பெரிய இறக்கை. சின்ன இறக்கையைச் சற்றுக் கூடுதலாக நிமிர்த்தி வைத்தால், வேகம் குறையும்போது அதுதான் முதலில் காற்றின் பிடியை விடும். மூக்கு தானாகத் தாழ்ந்து வேகம் திரும்ப வந்துவிடும். சாதாரண விமானம்போல் தலைகுப்புற விழாது. இதைக் காகிதத்தில் மடித்து மடித்து மாடி வராந்தாவிலிருந்து விட்டுப் பார்த்து, நானாகவே கண்டுகொண்டேன். யாரும் சொல்லித் தரவில்லை.

நீலகண்டனுக்கும் ஒரு யோசனை இருந்தது. எதையாவது தூரத்திலிருந்து வயர்லெஸ்ஸால் திருப்பிக் காட்ட வேண்டும் என்று. கோஷி சார் இரண்டையும் கேட்டுவிட்டு, "பிள்ளையுடெ குதிர, சாமியுடெ கடிவாளம்" என்று முடிச்சுப் போட்டுவிட்டார். சாமி என்றது ஐயரான நீலகண்டனை.

"அப்போ தகடு, சார்?" என்று கேட்டேன்.

"அது பறந்நு கழிஞ்ஞிட்டு" என்றார். பறந்த பிறகு பார்க்கலாம் என்று அர்த்தம்.

இறக்கையின் விலா எலும்புகளுக்கு நெட்டி எடுத்தேன். கோயில் மாலைக்கும் பொம்மைக்கும் வெட்டுவார்களே, அதே நெட்டி. முதுகெலும்புக்கு மூங்கிலைப் பிளந்து, நெருப்பில் காட்டி நேராக்கிச் சீவினேன். மேலே மல் துணி. சினிமாக் கொட்டகையில் வீணாய்ப் போன பிலிம் துண்டுகளைச் சலவைச் சோடா போட்ட வெந்நீரில் ஊறவைத்துச் சுரண்டி, அசிட்டோனில் கரைத்துத் துணிமேல் பூசினால், அது காய்ந்து மத்தளத் தோல்போல் விறைக்கும். மழைக்காலத்து ஈரத்தில் ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டது. கிழித்துப் போட்டு மறுபடி பூசினேன். கோஷி சார் கண்ணை மூடிக்கொண்டு அந்த இறக்கையின் முன் விளிம்பை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை தடவினார். என் ஆயுளில் அதற்கு முன்னும் பின்னும் எதற்காகவும் நான் அப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதில்லை. அவர் அதைக் கவிழ்க்கவில்லை.

நீலகண்டன் சாலைக் கடைத்தெருவில் என் அப்பா வேலை பார்த்த அதே கடையில், எடைக்கு விற்ற பட்டாளத்துச் சாமான் குவியலைக் கிளறி ஒரு ரேடியோ வால்வையும் கம்பிச் சுருள்களையும் பொறுக்கி வந்தான். என் அப்பாவே எடுத்துக் கொடுத்தாராம். தரையில் நிற்கும் பெட்டியில் அழைப்பு மணிப் பொத்தான் ஒன்று. அதை அமுக்கினால், விமானத்துக்குள் இருக்கும் ரிலேயில் ஒரு சிறு நாக்கு இழுபட்டு இரண்டு வெள்ளிமுனைகள் தொடும். தொட்டதும், முறுக்கிய சைக்கிள் டியூப் ரப்பரில் ஓடும் ஒரு கடிகாரச் சக்கரம் ஒரு பல் நகர்ந்து, பின்னாலுள்ள துடுப்பை ஒரு பக்கம் திருப்பும். மறுபடி அமுக்கினால் நேர். அடுத்தது மறுபக்கம். வயர்லெஸ் வைத்திருக்கச் சர்க்கார் லைசென்ஸுக்கு அலைந்தது கோஷி சார்.

சங்குமுகம் கடற்கரையில் முதல் சோதனை. ரேடியோவுக்குப் பதில் அதே எடைக்கு மணல் மூட்டை. நீண்ட நூலைக் கட்டி, சைக்கிள் சக்கரத்தில் நான் செய்த ராட்டினத்தால் அட்டெண்டர்கள் சுற்றி இழுக்க, கடற்காற்றை எதிர்த்துப் பட்டம்போல் ஏறியது. குறைந்த உயரத்திலேயே நூலைக் கழற்றியதும் தனியாக மிதந்து, முதல் அலைக்கு இப்பால் ஈர மணலில் வந்து உட்கார்ந்தது. "பின்னோட்டுப் பறக்குந்ந சாதனம்" என்று கேலி செய்தவர்கள் எல்லாம் ஓடி வந்து என் முதுகில் தட்டினார்கள். அந்த ஒரு சாயங்காலம் முழுவதும் என்னுடையது.

அடுத்த சோதனையில் மூட்டையை எடுத்துவிட்டு ரேடியோவை வைத்தோம். விமானம் ஏறியது. நீலகண்டன் பொத்தானை அமுக்கினான், அது திரும்பியது. அவ்வளவுதான். கூட்டம் முழுவதும் அவன் பெட்டியைச் சுற்றி மொய்த்துக்கொண்டது. மேலே பறப்பது என் இறக்கை, ஒருவனும் நிமிர்ந்து பார்க்கவில்லை. எல்லாருக்கும் அந்தப் பொத்தானை ஒரு தடவை அமுக்கிப் பார்க்க வேண்டும். வீட்டுக்கு வந்தால் அங்கேயும் அதே பாட்டு.

"அந்த ஐயரு ஒரு அமுக்கு அமுக்கினா ஆகாசத்துல போறது திரும்புதாமே! உங்க அப்பா வந்து சொன்னாவ" என்றாள் என் மனைவி கோமதி.

"ஆகாசத்துல அதை நிறுத்தினது ஆரு?"

"அது காத்து நிறுத்தும்லா" என்றாள். அவள் மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. ஆனாலும் அன்றைக்கு நான் சரியாகச் சாப்பிடவில்லை.

பிரின்சிபால் தம் விருந்தினர்களோடு கடற்கரைக்கு வருவதாகச் சொன்ன நாள் ஒரு சனிக்கிழமை. நீலகண்டன் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, தலை பளபளக்க, சலவைச் சட்டையில் மாப்பிள்ளைபோல் பட்டறைக்கு வந்தான். புறப்படும் முன் ரிலேயைத் திறந்தான். தலையைக் கோதிக்கொண்டே சற்று யோசித்தான். பிறகு வெள்ளிமுனைகளின் இடைவெளியைச் சரிசெய்து, அதே விரலால் நாக்கை ஒரு தடவை அழுத்திப் பார்த்து மூடினான். அவன் கையையே பார்த்துப் பழகிய நான் அதையும் பார்த்தேன். எங்கள் பட்டறையில் பயின்ற எவனும் சனிக்கிழமை அந்தக் காரியத்தைச் செய்திருக்க மாட்டான். அவன் பட்டாளத்தில் பயின்றவன். கோஷி சாரின் சட்டம் அவனுக்கு வெறும் கேலிப்பேச்சு. என்றாலும் அந்த நிமிஷம் எனக்கு உறைக்கவில்லை. இவனுக்கு மட்டும் எண்ணெய் தேய்த்தாலும் அழகாக இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பறக்கவிடும் முன் ஒரு நடைமுறை உண்டு. நான் விமானத்தைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு மணலில் தூரமாகப் போய் நிற்பேன். அவன் பொத்தானை அமுக்குவான். துடுப்பு திரும்பிய பக்கம் நான் கையை நீட்டிக் காட்டுவேன். அன்றைக்கு இடம், நேர், வலம் என்று ஒழுங்காக வந்தது. அடுத்த அமுக்கலுக்கு ஒன்றும் அசையவில்லை. அவன் மறுபடி அமுக்கினான். அசைந்தது. 'சரி, வாரும்' என்று கையை ஆட்டினான். அப்போதுதான் காலையில் பார்த்த அந்த விரல் என் ஞாபகத்துக்கு வந்தது.

அங்கே நின்று நான் நினைத்ததை நினைத்தபடியே எழுதுகிறேன். கடலை நோக்கித்தான் ஏற்ற வேண்டும், காற்று அங்கிருந்து வருகிறது. இன்றைக்கு முழு உயரம், நூல் கழன்றதும் கடலுக்குமேல் போகும். அவன் பொத்தான் கேட்காவிட்டால் திரும்பி வராது. என் இறக்கை சோதனையில் தேறிவிட்டது. ஆகவே பழி முழுவதும் ரேடியோவுக்கு, தகடு எனக்கு, பதவி எனக்கு. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். ஆனால் நெட்டி சீவிய விரல்களும் துணி ஒட்டிய மழைநாட்களும் கடலோடு போய்விடுமே! அவன் தோற்பதைப் பார்க்க எனக்கு ஆசைதான். அதற்கு என் இறக்கையைக் கொடுக்க மனம் வரவில்லை.

திரும்பி நடந்து வந்து, விமானத்தை மணலில் வைத்துவிட்டு, எல்லார் காதிலும் விழும்படி, "இது இப்போ பறக்கப்பிடாது சார்" என்றேன்.

பிரின்சிபாலின் விருந்தினர்கள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நீலகண்டன் முகம் சிவந்துவிட்டது. "ஒரு தடவை பிசகினா என்ன ஓய்? தூரத்துல ஏரியல் சாஞ்சிருக்கும். பிள்ளைவாள், நீர் இன்னிக்கு வந்ததிலேருந்து என்னை முறைச்சுண்டே இருக்கீர். உமக்கு வயித்தெரிச்சல்!"

"ஆமா ஐயரே, வயித்தெரிச்சல்தான். அதனாலதான் உம்ம விரலையே பார்த்துக்கிட்டிருந்தேன். காலையில ரிலேயைத் தொட்டீரே, இன்னைக்கு என்ன கிழமை?"

அவன் தன் விரலைப் பார்த்தான். பிறகு கட்டைவிரலோடு அதை உரசிப் பார்த்தான்.

கோஷி சார் எழுந்து வந்தார். "எந்தா பிள்ளே? நோக்கட்டெ." நான் மூடியைத் திறந்து காட்டினேன். அவர் தம் பூதக்கண்ணாடியை எடுத்து வெள்ளிமுனையைப் பார்த்தார். சாய்ந்த வெயிலில் அந்த எண்ணெய்ப் பூச்சு எனக்கு வெறும் கண்ணுக்கே மினுங்கியது. துணி கிழிந்தால் ஒட்டுவதற்காக நான் ஒரு சிறு குப்பியில் அசிட்டோன் கொண்டுபோயிருந்தேன். ஒரு தபால் அட்டையின் மூலையைக் கிழித்து அதில் நனைத்து, முனைகளுக்கு நடுவே விட்டு மெல்ல இழுத்தேன். இன்னொரு மூலை, இன்னொரு தடவை. அட்டையில் மஞ்சளாக ஒரு கோடு விழுந்தது. கோஷி சார் அதைத் தம் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

மறுபடி தூரத்தில் போய் நின்றேன். எத்தனை அமுக்கினானோ அத்தனைக்கும் துடுப்பு பதில் சொன்னது.

விமானம் ஏறியது. நூல் கழன்றது. அலைகளைத் தாண்டி, கட்டுமரங்களைத் தாண்டி, கடலுக்குமேல் போய்க்கொண்டே இருந்தது. அப்போது ஓர் இறக்கை தாழ்ந்தது. ஒரு பெரிய வளைவாக வந்து, எங்கள் தலைக்குமேல் சத்தமே இல்லாமல் கடந்து, காற்று முதுகில் தள்ள வெகுதூரம் போய் மணலில் இறங்கியது. நான் அதன் பின்னாலேயே ஓடினேன். ஒரு கீறல்கூட இல்லை.

அதைத் தலைமேல் வைத்துத் தூக்கிக்கொண்டு, எதிர்காற்றில் அது பறக்கப் பார்க்க, பிடித்து இழுத்து நான் திரும்பி வந்து சேர்வதற்குள் டீ முடிந்துவிட்டது. பிரின்சிபால் நீலகண்டனின் கையைக் குலுக்கிவிட்டார். போட்டோவும் எடுத்தாகிவிட்டது. அதில் பெட்டியோடு அவன் நிற்கிறான், விமானமும் இல்லை, நானும் இல்லை. மலருக்காக வந்த விரிவுரையாளர்கள் அந்தப் போட்டோவைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள்.

திங்கட்கிழமை கோஷி சார் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். மேஜைமேல் விமானம், பக்கத்தில் வெறும் தகடு, எழுத்து அச்சுகள், சுத்தி. கண்ணை மூடிக்கொண்டு முன் விளிம்பை இன்னொரு தடவை தடவிவிட்டுக் கேட்டார். "இது ஆருடெ?"

என்னுடையது என்று சொல்வதற்கு ஞாயிறு முழுவதும் நான் வாதங்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். வடிவம் என்னுடையது, பிழையைக் கண்டதும் நான் என்று வரிசையாக. வாயைத் திறந்தேன்.

"பிள்ளைவாளோடது சார்" என்றான் நீலகண்டன்.

நான் திரும்பிப் பார்த்தேன். அவன் கேலி செய்யவில்லை.

"அவர் நிறுத்தலேன்னா என் ரேடியோ சமுத்திரத்துல கிடக்கும். பேசாம இருந்திருந்தா எல்லாம் அவருக்குத்தான் கிடைச்சிருக்கும், அதுவும் எனக்குத் தெரியும். எழுதுங்கோ சார்" என்றான்.

கோஷி சார் சுத்தியை எடுத்தார். என் எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன. ராஜமரியாதையோடு தகடு கட்டப்பட்டது. பதவியும் வந்தது. ஓய்வு பெறும் வரை அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன், சம்பளம் வாங்கினேன், மகளைக் கட்டிக்கொடுத்தேன். நீலகண்டன் ஆறேழு மாதத்தில் பம்பாயில் பெரிய ரேடியோ வேலை கிடைத்துப் போய்விட்டான். வழியனுப்பும்போது பட்டறையே கண்ணைத் துடைத்துக்கொண்டது. "கையில வந்ததைத் தூக்கிக் கொடுக்க எப்பேர்ப்பட்ட மனசு வேணும்!" என்றாள் கோமதி. அதை அவள் பிறகு எத்தனையோ தடவை சொன்னாள்.

கையில் வந்ததாம்! அது யார் கையில் இருந்தது? நான் கேட்டு வாங்கியிருந்தால் அது என்னுடையது. வாதாடிப் பிடுங்கியிருந்தாலும் என்னுடையது. அந்த மனிதன் என்னைப் பேசவிடாமல் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். அன்றுமுதல் பட்டறையில் புதிதாகச் சேர்ந்த ஒவ்வொருவனுக்கும் இந்தக் கதையைச் சொன்னார்கள். அதில் தகடு வாங்கியவனைப் பற்றி ஒரு வரி, கொடுத்தவனைப் பற்றித்தான் மீதி எல்லாம். அவன் போய்ச் சேர்ந்து சில வருஷங்கள் ஆகின்றன. செய்தி வந்த அன்று நான் அழுதேன். அப்போதும் கோமதி, "பெரிய மனுசன்" என்றாள்.

போன வாரம் அந்தச் சின்ன விரிவுரையாளன் மறுபடி வந்திருந்தான். "சார், தகடு அவர் விட்டுக்கொடுத்ததுதானே? பழைய அட்டெண்டர் ஒருத்தர் சொன்னார். அதையும் நீங்க எழுதினா நல்லாருக்கும்" என்றான். எழுத மாட்டேன் என்று சொல்லி அனுப்பினேன். பிறகு எழுதாமல் விட முடியவில்லை, நடந்தது அதுதானே.

விமானத்தை வடிவமைத்துச் செய்தவன் சங்கரலிங்கம் பிள்ளை. தகட்டில் என் எழுத்துதான் இருக்கிறது, யாரும் ஏணி வைத்து ஏறிப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் இவ்வளவும் படித்துவிட்டு, இந்த நிமிஷம் உங்களுக்கு யாரைப் பிடித்திருக்கிறது என்று எனக்குத் தெரியாதா என்ன?